சணல் டிரெயின் மக்கத்தான் வேண்டும், ஆனால் எப்போது?

சேற்றுக் களிமண்ணில் நார் டிரெயின் (சணலும் தென்னைநாரும் சேர்ந்த வடிகால் பட்டை) இறக்கப் போகிறோம் என்றால் எந்த மீட்டிங்கிலும் முதலில் வரும் கேள்வி இதுதான்: "சணல்தானே சார், மண்ணுக்குள்ள மக்கிப் போயிடாதா?" மக்கும். மக்கட்டும் என்றுதான் போடுகிறோம். மண் தன் தண்ணீரை விட்டு முடிக்கும் முன் மக்குமா, முடித்த பின் மக்குமா என்பதுதான் கேட்க வேண்டியது. அதை யாரும் கேட்பதில்லை. நான் பார்த்த தவறுகளில் பாதிக்கு மேல், இந்த இரண்டு கால அளவையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்க்காததால் வந்தவை.

விஷயம் புதிதாக இருப்பவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 10 மீட்டர் ஆழத்துக்கு மெத்தென்ற களிமண், மேலேயும் கீழேயும் மணல் என்று வைத்துக்கொள்ளுங்கள். மேலே பாரம் ஏற்றினால் தண்ணீர் வெளியேறும், மண் இறுகும். ஆனால் நடுவில் இருக்கும் தண்ணீர் 5 மீட்டர் நகர வேண்டும், களிமண்ணோ தண்ணீரை லேசில் விடாது. இறுகும் வேகத்தைக் குறிக்கும் எண் வருடத்துக்கு 1 சதுர மீட்டர் என்று எடுத்துக்கொண்டால் 90 சதவீதம் முடியவே 21 வருடம் ஆகும். அதனால்தான் ஒரு மீட்டருக்கு ஒன்று என்று செங்குத்தாகப் பட்டை பட்டையாக வடிகால் இறக்குகிறோம்; தண்ணீர் அரை மீட்டர் பக்கவாட்டில் போனால் போதும், வருடக்கணக்கு மாதக்கணக்காகிவிடும்.

ஸ்வீடனில் கெல்மான் முதன்முதலில் செய்த பட்டை டிரெயின் அட்டையால் ஆனது, அதாவது காகிதம். பிளாஸ்டிக் பிறகுதான் வந்தது. ஆக மக்கும் டிரெயின் ஏதோ நேற்றைய பசுமை ஃபேஷன் இல்லை. 1980களில் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் லீ செங் லிப் குழுவினர் செய்தது இப்போதும் பலருக்கு மாதிரி: நான்கு தென்னைநார்க் கயிறு, அதைச் சுற்றி இரண்டு அடுக்கு சணல் சாக்குத்துணி, நீளவாக்கில் மூன்று தையல். அகலம் 80 முதல் 100 மில்லிமீட்டர், தடிமன் 8 முதல் 10. டெல்லி ஐஐடியில் சணல், தென்னைநார் இரண்டையும் பின்னலாகப் பின்னியும் ஒன்று செய்து பார்த்திருக்கிறார்கள்.

அந்தத் தடிமனைக் கொஞ்சம் கவனியுங்கள், முதல் தவறு அங்கேதான் ஆரம்பிக்கிறது. பிளாஸ்டிக் டிரெயின் 3, 4 மில்லிமீட்டர்தான். நம் ஆட்கள் என்ன செய்வார்கள் என்றால், பிளாஸ்டிக்குக்குப் போட்ட டிராயிங்கை எடுத்து, பொருள் பெயரை மட்டும் மாற்றி, இடைவெளி, ஆழம், காத்திருக்கும் மாதம் எல்லாவற்றையும் அப்படியே விட்டுவிடுவார்கள். ஆனால் தடித்த டிரெயின் உள்ளே நுழையப் பெரிய மாண்ட்ரல் (டிரெயினை உள்ளே வைத்து மண்ணில் இறக்கும் இரும்புக் குழாய்) வேண்டும். மாண்ட்ரல் பெரிதானால் அது இறங்கும் வழியில் களிமண் குழம்பி, சாணி போட்டுத் திண்ணை மெழுகினாற்போல் டிரெயினைச் சுற்றி ஒரு பூச்சு விழுந்துவிடும். ஸ்மியர் என்பது இதுதான். தண்ணீர் அதைத் தாண்டித்தான் டிரெயினுக்குள் வர வேண்டும்.

கணக்காகவே பாருங்கள். முக்கோண அமைப்பில் 1 மீட்டர் இடைவெளி, 100க்கு 9 மில்லிமீட்டர் டிரெயின், பக்கவாட்டில் இறுகும் வேகம் வருடத்துக்கு 2 சதுர மீட்டர். ஸ்மியரே இல்லை என்று எடுத்தால் 90 சதவீதத்துக்கு நாலு மாதம்கூட ஆகாது. 120க்கு 60 மாண்ட்ரல், குழம்பிய பகுதி அதன் சமான விட்டத்தைப் போல இரண்டரை மடங்கு, அங்கே தண்ணீர் போகும் திறன் மூன்றில் ஒரு பங்கு என்று வைத்தால் அதே வேலை எட்டரை மாதம். எதுவும் மிகைப்படுத்தவில்லை, சாதாரணமாகச் சைட்டில் நடக்கிற எண்கள்தான் இவை. பிளாஸ்டிக் என்றால் மாதம் கூடியது எரிச்சல், அவ்வளவுதான். நாருக்கு அப்படியில்லை, அந்தக் கூடுதல் மாதங்களில் அது உள்ளே மக்கிக்கொண்டிருக்கிறது.

இதே இடத்தில் "செலவைக் குறைக்கலாமே" என்று யாராவது 1 மீட்டரை ஒன்றரை மீட்டராக்குவார்கள். டிரெயின் எண்ணிக்கை பாதிக்கும் கீழே போகும், பில் அழகாக இருக்கும். ஆனால் காலம் இடைவெளியின் வர்க்கத்தில் ஏறும். மேலே சொன்ன எட்டரை மாதம் 20 மாதத்தைத் தாண்டிவிடும். 20 மாதம் சேற்றுக்குள் கிடந்த சணல் துணியை வெளியே எடுத்தால் எப்படி இருக்கும் என்று யோசித்துவிட்டு அந்த டிராயிங்கில் கையெழுத்துப் போடுங்கள். என்னைக் கேட்டால், நார் டிரெயினில் இடைவெளியை நெருக்கித்தான் பழக வேண்டும். வேலை சீக்கிரம் முடிந்தால் மக்குவதைப் பற்றிய கவலை தானாகவே போய்விடும்.

அப்புறம் ஆழம். நாருக்குள் தண்ணீர் ஓடும் திறன் பிளாஸ்டிக் டிரெயினின் கோரில் (நடுப்பட்டையில்) இருப்பதைவிடப் பல மடங்கு குறைவு, பள்ளம் பள்ளமாக வழி வெட்டிய பிளாஸ்டிக் எங்கே, கயிற்றுக்கு இடையிலான சந்து எங்கே. சரி, களிமண் விடும் தண்ணீரும் கொஞ்சம்தான், அதனால் பெரும்பாலும் சமாளித்துவிடும். ஆனால் டிரெயினுக்குள்ளான தடை ஆழத்தின் வர்க்கத்தில் ஏறுகிறது: 10 மீட்டரில் ஒரு பங்கு என்றால் 20 மீட்டரில் நாலு பங்கு. அடி மூடிய 20 மீட்டர் டிரெயின், முழுச் சரிவில் (ஒரு மீட்டர் நீளத்துக்கு ஒரு மீட்டர் நீர்மட்ட வித்தியாசம்) நொடிக்கு 1 மில்லிலிட்டர் ஓடவிடும் நிலையில் இருக்கும்வரை பரவாயில்லை, மேலே சொன்ன காலத்தில் ஆறில் ஒரு பங்கு கூடும். அதே டிரெயின் மக்கி, பத்தில் ஒரு பங்கு திறனுக்கு வந்தால் காலம் கிட்டத்தட்ட மூன்று மடங்காகிவிடும். பிளாஸ்டிக் டிரெயினில் இந்தத் தடையைப் பூஜ்யம் என்று எடுத்துப் பழகிய கை, கணக்கு ஷீட்டில் அந்த இடத்தை அப்படியே காலியாக விட்டுவிடுகிறது.

அடுத்தது ஒரு நம்பிக்கை, பெரியவர்களே சொல்வார்கள்: "நிலத்தடி நீர்மட்டத்துக்குக் கீழ காற்று கிடையாது, அங்க எதுவும் மக்காது." பாதி உண்மை. காற்றில்லாமல் வாழும் பாக்டீரியாக்களும் இருக்கின்றன, அவற்றுக்குச் சணலின் செல்லுலோஸ் நல்ல தீனி. ஆஸ்திரேலியாவில் நியூ சவுத் வேல்ஸ் கடற்கரையோரம் பாலினா என்ற ஊரில் சோதனைக்கு மண் கரை ஒன்றைக் கட்டி, ஒரு பகுதியில் பிளாஸ்டிக் டிரெயினும் இன்னொரு பகுதியில் சணல் டிரெயினும் இறக்கிப் பார்த்தார்கள். சல்பேட் நிறைந்த அமில மண் அது. அந்தச் சூழலில் சணல் எப்படிச் சிதைகிறது என்று வொலங்காங் பல்கலைக்கழகத்தில் புத்திம இந்திரரத்ன குழுவினர் ஆராய்ந்து, டிரெயினின் திறன் நாளுக்கு நாள் தேய்வதையே சமன்பாட்டுக்குள் கொண்டுவந்திருக்கிறார்கள். இதில் நமக்கு வேண்டிய சேதி, மக்கும் வேகம் சணலை மட்டும் பொறுத்ததில்லை, மண்ணையும் பொறுத்தது என்பது. இங்கே பக்கத்தில் கேரளத்துக் குட்டநாட்டில் கரி நிலம் என்று கறுத்த அமில மண் இருக்கிறதே, அழுகிய மரமும் தழையும் கலந்தது, அந்த மாதிரி இடத்தில் வேறு ஊர் அனுபவத்தை வைத்து "ஒன்றரை வருஷம் தாங்கும் சார்" என்று சொல்வது வெறும் வாய்ப்பந்தல். அந்த மண்ணிலேயே துண்டுகளைப் புதைத்து, மாதம் ஒன்றை எடுத்து இழுத்துப் பார்க்க எத்தனை செலவாகிவிடும்? மண்ணாய்வுக்கு போர் போடும் அன்றே புதைத்துவிட்டால் டெண்டர் முடிவதற்குள் பதில் கையில் இருக்கும்.

சணலையும் தென்னைநாரையும் ஒன்றாகப் பேசுவதும் தப்பு. சணல் தண்டைக் குளத்தில் ஊறப்போட்டால் இரண்டு மூன்று வாரத்தில் நார் உரிந்துவரும். பச்சைத் தேங்காய் மட்டையைக் காயலில் புதைத்தால் ஆறு முதல் பத்து மாதம் ஆகும், அதற்குப் பிறகும் நார் முறுக்காக வெளியே வரும். ஊறலில் அழுகுவது நாரைச் சுற்றியுள்ள பசைதான், அதனால் ஒப்பீடு அச்சுப் பிசகாதது என்று சொல்ல மாட்டேன். ஆனாலும் இரண்டின் குணம் தெரிந்துவிடும். மக்கலுக்கு எளிதில் மசியாத லிக்னின் என்ற பொருள் தென்னைநாரில் 40 சதவீதம் வாக்கில், சணலில் 12, 13தான். ஆக இந்த டிரெயினில் முதலில் போவது வெளியே இருக்கும் சணல் வடிகட்டி, உள்ளே கயிறு இன்னும் திடமாகவே இருக்கும். துணி போனால் களிமண் உள்ளே புகுந்து கயிற்றுக்கிடையே அடைத்துக்கொள்ளும். கயிறு எத்தனை வருஷம் தாங்கும் என்று விளம்பரத்தில் போடுவதால் நமக்கு என்ன லாபம்? துணி எத்தனை மாதம் என்று கேளுங்கள்.

இனி சைட். ஒரு கடலோர வேலையில் மழைக்கு முன்பே ரோல்கள் வந்து இறங்கிவிட்டன, டிரெயின் இறக்கும் ரிக் வரத் தாமதம். தார்ப்பாய் போட்டு மூடியிருந்தார்கள், ஆனால் அடியில் பலகை இல்லை, ஈரத்தரையில் நேராக அடுக்கியிருந்தார்கள். ஆறு வாரம் கழித்துத் தார்ப்பாயைத் தூக்கியதும் பழைய சாக்கு மூட்டை நாற்றம். மேல் ரோல்கள் நன்றாகத்தான் இருந்தன. கீழ் வரிசையில் சாம்பல் நிறப் புள்ளிகள். துணியின் ஓரத்தைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே பிடித்துத் திருகினேன், நூல் சத்தமில்லாமல் விட்டுக்கொடுத்தது. நல்ல சணல் அப்படி விடாது, விரலை அறுக்கும். சூப்பர்வைசர் சொன்னது இன்னும் நினைவிருக்கிறது: "எப்படியும் மண்ணுக்குள்ள மக்கப் போறதுதானே சார்." அந்த வரிசையைத் திருப்பி அனுப்பவே இரண்டு நாள் வாக்குவாதம். பலகை மேல் அடுக்குங்கள், வந்த தேதியை ரோலில் எழுதுங்கள், பழையதை முதலில் எடுங்கள். இதற்கு மேல் இதில் சொல்ல ஒன்றுமில்லை.

இறக்கிய பிறகு மேல்முனையை யாரும் பார்ப்பதில்லை. டிரெயினின் தலை, களிமண் மேல் பரப்பும் மணல் விரிப்புக்குள் 15, 20 சென்டிமீட்டராவது நீட்டிக்கொண்டிருக்க வேண்டும், அப்போதுதான் வரும் தண்ணீர் மணல் வழியே வெளியேறும். மொட்டையாக வெட்டி, அதன் மேல் டோசர் ஓடி, தலை சேற்றில் அமுங்கிவிட்டால் கீழே 15 மீட்டர் டிரெயின் இருந்தும் இல்லாததுபோலத்தான். நாருக்கு இன்னொரு தொல்லையும் உண்டு: மொத்த நீளத்திலும் சீக்கிரம் மக்கும் இடம் இந்தத் தலைதான். காற்று, ஒருநாள் ஈரம் ஒருநாள் காய்ச்சல், மேலே வெயில் எல்லாம் அங்கேதான் சேருகின்றன. டிரெயின் இறக்கிவிட்டு, லாரி வரவில்லை, குவாரி பிரச்சினை என்று இரண்டு மாதம் மணல் போடாமல் வைத்திருந்தால், தண்ணீர் வெளிவர வேண்டிய வாசல்தான் முதலில் அடைபடும். மணலும் நிரப்ப வேண்டிய மண்ணும் கைக்கு வராமல் ரிக்கை வரவழைக்காதீர்கள்.

மண் சும்மா இருந்தால் டிரெயினும் சும்மாதான் இருக்கும். பிழிவது பாரம், டிரெயின் வெறும் வழி. ஆனால் அவசரப்பட்டு மொத்தத்தையும் ஏற்றினாலும் வம்பு: 10 கிலோபாஸ்கல் வலுவுள்ள களிமண் மேல் 2.8 மீட்டர் வாக்கில் கரை சரிந்துவிடும், பாதுகாப்பாக என்றால் 2 மீட்டர்தான். அதனால் கட்டம் கட்டமாக ஏற்றுகிறோம். இதில் ஒளிந்திருக்கும் சிக்கலைப் பலர் கவனிப்பதில்லை. மூன்று கட்டம், ஒவ்வொன்றுக்கும் மூன்று மாதம் என்றால், கடைசிக் கட்டத்தின் பாரத்தை, அதுதான் உயர்ந்த பாரம், ஆறு மாதம் கிழடான டிரெயின் தாங்குகிறது. காலக் கணக்கு கட்டம் ஒன்றின் முதல் நாளிலிருந்து கூட ஆரம்பிக்கக்கூடாது, டிரெயின் மண்ணில் இறங்கிய நாளிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். கரி கலந்த மண் என்றால், தண்ணீர் போன பிறகும் வருடக்கணக்கில் மெல்ல அமுங்கும் அமுங்கலுக்கு எந்த டிரெயினும் மருந்தில்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

எனக்கு உண்மையிலேயே பயம் தருவது கடைசித் தவறுதான். செட்டில்மென்ட் பிளேட் (நிலம் எவ்வளவு அமுங்கியது என்று காட்டும் தகடு) ரீடிங்கைத் தாளில் குறித்துக்கொண்டே வருகிறோம். முதலில் வாரத்துக்கு விரற்கடை விரற்கடையாக இறங்குகிறது, பிறகு குறைகிறது, கோடு மெல்லப் படுக்கிறது. எல்லாருக்கும் சந்தோஷம். அசவோகா முறையில் (அமுங்கல் எங்கே போய் நிற்கும் என்று ரீடிங்குகளை வைத்தே கணிக்கும் முறை) புள்ளிகளை வைத்தால் 45 பாகைக் கோட்டை அழகாகத் தொடுகிறது, 92 சதவீதம் முடிந்தது என்று வருகிறது. சர்சார்ஜை (மண்ணை இறுக்க மேலே ஏற்றிய கூடுதல் பாரத்தை) எடுக்க லெட்டர் தயாராகிறது. ஆனால் டிரெயின் செத்தாலும் கோடு இப்படித்தான் படுக்கும். தண்ணீர் தீர்ந்ததால் நின்றதா, வழி அடைபட்டதால் நின்றதா என்று பிளேட்டுக்குத் தெரியாது, அசவோகா கோட்டுக்கும் தெரியாது. பிளாஸ்டிக்கில் இந்தச் சந்தேகம் அபூர்வமாகத்தான் வரும், நாரில் எப்போதும் வர வேண்டும்.

அதைச் சொல்லக்கூடியது பியசோமீட்டர் (மண்ணுக்குள் இருக்கும் நீரழுத்தத்தை அளக்கும் கருவி) மட்டும்தான், அதுவும் டிரெயின்களுக்கு நடுவே, களிமண்ணின் நடு ஆழத்தில் வைத்தது. டிரெயினுக்கு ஒட்டி வைத்தால் எப்போதும் நல்ல செய்தியே சொல்லும். கோடு படுத்திருக்க, ஏற்றிய பாரம் 60 கிலோபாஸ்கலில் 25 இன்னும் தண்ணீரிலேயே நிற்கிறது என்று அது காட்டினால் முடிந்தது 60 சதவீதம் வாக்கில்தான். அந்த நேரத்தில் சர்சார்ஜை எடுத்து ரோடு போட்டால் மீதி அமுங்கல் தாருக்குக் கீழே, வண்டி ஓடும்போது நடக்கும். எடுக்காமல் வைத்திருக்கலாம், ஆனால் வழி அடைபட்ட மண்ணில் காத்திருப்பது வருடக்கணக்கு. அல்லது பழைய டிரெயின்களுக்கு இடையில் புதிதாக ஒரு வரிசை இறக்கலாம். அதற்கு ரிக்கை மூன்று மீட்டர் உயரக் கரை மேல் ஏற்ற வேண்டும், இறுக்கிய மண்ணில் மாண்ட்ரல் நேராக இறங்காது, ஒவ்வொரு புள்ளியிலும் முன்துளை போட வேண்டும், டிரெயின் தலையை மணல் விரிப்போடு சேர்ப்பது தனிக் கதை. இரண்டு கூடுதல் பியசோமீட்டரை எஸ்டிமேட்டில் அடித்தவர்களே இந்தப் பில்லையும் பாஸ் பண்ண வேண்டியிருக்கும்.