துகள் கொத்து வளர மறுத்தபோது

துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கொத்தாக வளர்வதைக் காட்ட, இயற்பியலாளர்கள் விட்டனும் சாண்டரும் 1981இல் முன்வைத்த மாதிரி இது. நடுவில் ஒரு விதைத் துகள். தொலைவிலிருந்து இன்னொன்று திக்குத் திசையின்றி அலைந்து வந்து, தொட்ட இடத்தில் ஒட்டிக்கொள்ளும். பிறகு அடுத்தது. இதைப் பைத்தான் நிரல்மொழியில் எழுதி ஓடவிட்டேன். சில நூறு துகள்கள் ஒட்டுவதற்குள் பொழுது விடிந்துவிட்டது.

துகள்களைச் சதுரக் கட்டத்தின் ஓரத்திலிருந்து விட்டதுதான் தவறு. இப்படித் திசையின்றி அலையும் தற்போக்கு நடையில் தொலைவு பத்து மடங்கானால் அடிகள் நூறு மடங்காகும். அத்தனையும் வெற்றிடத்தில் வீண். கொத்தின் நீண்ட கிளைக்குச் சற்று வெளியே ஒரு வட்டம் வரைந்து, அதன்மேல் ஏதேனும் ஒரு புள்ளியில் துகளைப் பிறப்பித்தேன். வெகுதொலைவிலிருந்து வரும் துகள் அந்த வட்டத்தின் எந்த இடத்தையும் சம வாய்ப்போடு முதலில் தொடும் என்பதால் இதில் ஏமாற்று இல்லை. வட்டத்துக்கு வெளியே விலகிப் போன துகளை, அது வட்டத்திலிருந்து இருக்கும் தூரத்தின் அளவுக்கு, ஏதேனும் ஒரு திசையில் ஒரே தாவலாகத் தாவவைத்தேன்.

வேகம் கூடியது; ஆனால் சில துகள்கள் கிளைக்குள்ளேயே குதித்து விழுந்தன. தாவும் தூரத்தை முழு எண்ணாக்கும்போது மேல்நோக்கி முழுமையாக்கியிருந்தேன்! கீழ்நோக்கி மாற்றி, இரண்டு கட்டம் இடைவெளியும் விட்டேன்.

காலையில் திரையில் பவளம்போல் ஒரு கொத்து. நுனிகளே புதிய துகள்களைப் பிடித்துக்கொள்ள, உட்பள்ளங்கள் காலியாகவே கிடந்தன. கொத்து இடத்தை எவ்வளவு நிரப்புகிறது என்று காட்டும் எண்ணான பின்னப் பரிமாணத்தை அளந்தேன்: எதிர்பார்த்த 1.71க்கு அருகே வந்தது. வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.