கத்தி வைக்கும் முன்: முதல் ஆபரேஷன் பயத்தில் நாம் செய்யும் தவறுகள்

அப்பாவின் ஆபரேஷன் தேதி எழுதிய அட்டையை அம்மா சாமி மேடையில், முருகன் படத்துக்கு முன்னால் வைத்திருந்தார். மூன்று வாரம் அது அங்கேயே இருந்தது. விளக்கேற்றும்போதெல்லாம் அம்மா அதைப் பார்ப்பார். அப்பா அந்தப் பக்கம் திரும்பவே மாட்டார். குடல் இறக்கம்தான். ஏறக்குறைய ஒரு மணி நேர வேலை என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஆனால் முப்பது வருடத்துக்கு மேல் ரப்பர் தோட்டத்தில் பால் மரம் வெட்டி, பால் வாளிகளைத் தோளில் சுமந்த மனிதர், அந்த மூன்று வாரத்தில் பாதி ஆளாக இளைத்துப்போனார். பயமா அப்பா என்று கேட்டால், "எனக்கென்ன பயம்" என்பார். அதோடு பேச்சு முடிந்துவிடும்.

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டங்களில் வளர்ந்த அவர் தலைமுறைக்கு வைத்தியம் என்றால் தோட்டத்து மருந்தக உதவியாளரான டிரெஸர்தான். காய்ச்சலுக்கு மருந்துத் தண்ணீர், வெட்டுக்காயத்துக்கு ஒரு கட்டு. அதற்கு மேல் முடியாது என்றால்தான் பெரிய ஆஸ்பத்திரி. நோய் முற்றிய பிறகே அங்கே கொண்டுபோனதால், போனவர்களில் பலர் திரும்பி வரவில்லை. தோட்டத்து வரிசை வீடான லயத்தை விட்டு வீடமைப்புத் தாமானுக்குக் குடிவந்து எத்தனையோ வருடமாகிறது. பால் மரம் இருந்த இடமெல்லாம் செம்பனையாகிவிட்டது. அந்தப் பயம் மட்டும் எங்களோடு கூடவே வந்துவிட்டது.

போன வருடம் எனக்கே பித்தப்பைக் கல் ஆபரேஷன் நடந்தது. எனக்கும் கை கால் உதறத்தான் செய்தது. அப்பாவைப் பார்த்ததிலும் நானே படுத்து எழுந்ததிலும் எனக்குத் தெரிந்தது ஒன்றுதான்: பயம் வந்தால் நமக்கு வாய் அடைத்துவிடுகிறது. கேட்க வேண்டியதைக் கேட்பதில்லை, சொல்ல வேண்டியதைச் சொல்வதில்லை. இங்கே எழுதப்போகும் தவறுகளில் பெரும்பாலானவை அப்படி வந்தவைதான்.

"பசியாறலம்மா"

காலை ஏழு மணிக்கு வரச் சொல்லியிருந்தார்கள். அப்பா வழக்கம்போல் நாலு மணிக்கே எழுந்துவிட்டார். தோட்டத்தில் விடியுமுன் பெயர் கூப்பிடும் பிரட்டுக்குப் போய்ப் பழகிய உடம்பு, வேலையை விட்டு இத்தனை வருடமாகியும் அந்த நேரத்துக்கு விழித்துக்கொள்ளும். விழித்ததும் தே (தேநீர்) வேண்டும். யாரையும் எழுப்பாமல் டின் பால் ஊற்றிக் கலக்கி ஒரு குவளை குடித்துவிட்டு, குவளையையும் கழுவிக் கவிழ்த்துவிட்டார். வார்டில் மிஸ்ஸி, அதாவது தாதி, தமிழில்தான் கேட்டார்: "ஐயா, பசியாறினீங்களா?" அப்பா, "இல்ல, பசியாறலம்மா" என்றார். அது பொய்யில்லை. நம் ஊரில் பசியாறுவது என்றால் ரொட்டி சானாயோ தோசையோ சாப்பிடுவது. தே குடிப்பதை யாரும் பசியாறுவது என்று சொல்வதில்லை.

ஆபரேஷன் அறை வாசலில் மயக்க மருந்து டாக்டர் மறுபடியும், இந்த முறை ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிக் கேட்டார். "தே மட்டும்தான் குடிச்சேன்" என்றார் அப்பா. எட்டரைக்கு நடக்க வேண்டிய ஆபரேஷனை அன்றைய பட்டியலில் கடைசிக்குத் தள்ளினார்கள். அப்பாவுக்கு அவமானமாகிவிட்டது. ஆனால் டாக்டர் கோபப்படவில்லை; சொன்னீர்களே, அதுவே நல்லது என்றார்.

ஏன் இவ்வளவு கண்டிப்பு என்று யாராவது முதலிலேயே விளக்கியிருந்தால் அப்பா குடித்திருக்க மாட்டார். முழு மயக்கத்தில் நமக்கு விழுங்கவும் இருமவும் முடியாது. வயிற்றில் இருப்பது மேலே ஏறி வந்தால் நேராக நுரையீரலுக்குள் போய்விடும், அது உயிருக்கே ஆபத்து. முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மட்டும் மரத்துப்போகச் செய்யும்போதும் வயிறு காலியாகத்தான் இருக்க வேண்டும். நடுவில் முழு மயக்கம் தேவைப்பட்டால் அப்போது வயிற்றைக் காலி செய்ய முடியாது.

பொதுவான கணக்கு இது: சாதாரண உணவுக்கு 6 மணி நேரம், எண்ணெய்ப் பண்டம், இறைச்சி என்றால் 8 மணி நேரம். தெளிந்த பானம் மட்டும் 2 மணி நேரம் முன்பு வரை. பால் சேர்ந்தால் அது உணவுக் கணக்கு. பால் சேராத தே ஓ தெளிந்த பானம், பால் ஊற்றிய தே தாரிக் அப்படி இல்லை. மைலோவும் கஞ்சியும் உணவுதான். உங்கள் ஆஸ்பத்திரி வேறு நேரம் சொல்லியிருந்தால் அவர்கள் சொன்னதே உங்களுக்குக் கணக்கு.

இதற்கு நேர் எதிரான தவறும் உண்டு. பயத்தில் முதல் நாள் மத்தியானத்திலிருந்தே சோறு இறங்காமல் கிடப்பார்கள், கேட்டால் விரதம் என்பார்கள். சர்க்கரை நோயாளி அப்படிக் கிடந்தால் சர்க்கரை இறங்கி மயங்கி விழ நேரும். சாப்பிடலாம் என்று சொன்ன நேரம் வரைக்கும் சாப்பிடுங்கள்.

மாத்திரைப் பையை வீட்டில் விட்டுவிட்டுப் போவது

சர்க்கரை, இரத்த அழுத்தம் என்று ஏதாவது ஒரு மாத்திரை இல்லாத வீடு நம் தாமானில் அபூர்வம். "ஆபரேஷன்தானே, எல்லாத்தையும் நிறுத்திடுவோம்" என்று தானாக முடிவெடுப்பவர்களும் இருக்கிறார்கள், யாரிடமும் கேட்காமல் எல்லாவற்றையும் விழுங்கிவிட்டுப் போகிறவர்களும் இருக்கிறார்கள். இரண்டுமே ஆபத்து. ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், வார்ஃபரின் போன்றவை இரத்தம் உறைவதைத் தடுப்பவை. சிலருக்கு முன்கூட்டியே நிறுத்த வேண்டியிருக்கும், இதய இரத்தக் குழாயில் ஸ்டென்ட் என்ற சிறு வலைக்குழாய் வைத்தவர்கள் தாமாக நிறுத்தினால் அதுவே மாரடைப்பில் கொண்டுபோய் விடலாம். சர்க்கரைக்குக் கொடுக்கும் டாபாக்ளிஃப்ளோசின், எம்பாக்ளிஃப்ளோசின் மாத்திரைகளைப் பெரும்பாலும் 3 நாள் முன்பே நிறுத்தச் சொல்வார்கள். இரத்த அழுத்த மாத்திரைகளில் சிலவற்றை அன்று காலை ஒரு மிடறு தண்ணீரோடு போடச் சொல்வார்கள், சிலவற்றை வேண்டாம் என்பார்கள். இதை நாமாகக் கணக்குப் போட முடியாது. வீட்டில் இருக்கும் எல்லா மாத்திரையையும் ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டு போய் மேசை மேல் கொட்டிக் காட்டுங்கள்.

அந்தப் பையில், தெரிந்தவர் வீடு வரைக்கும் வந்து விற்ற மாத்திரைகளும் இருக்க வேண்டும். பூண்டு மாத்திரை, ஜின்செங், ஜின்கோ, மீன் எண்ணெய், ஜாமு என்ற மூலிகை மருந்து எல்லாமே சேர்த்திதான். "இயற்கைதானே" என்று சொல்லாமல் விடுகிறோம். இவற்றில் சில இரத்தம் உறைவதைத் தாமதப்படுத்தும்.

குடிப் பழக்கத்தைச் சொல்வதுதான் எல்லோருக்கும் கஷ்டம். பிள்ளைகள் பக்கத்தில் இருந்தால் எந்த அப்பாவும் சம்சு என்ற மலிவுச் சாராயம் குடிப்பதைச் சொல்ல மாட்டார். தினமும் குடித்தவர் ஆபரேஷனுக்காகத் திடீரென்று நிறுத்தினால் இரண்டு மூன்று நாளில் நடுக்கம், குழப்பம், வலிப்புகூட வரலாம். முன்பே தெரிந்தால் அதற்கு மருந்து இருக்கிறது. பிள்ளைகள் கொஞ்ச நேரம் வெளியே போய் நின்றால் போதும், அவர் சொல்லிவிடுவார்.

பாதி மட்டும் மொழிபெயர்ப்பது

டாக்டர் மலாயிலோ ஆங்கிலத்திலோ பத்து நிமிடம் பேசுவார். மகன் திரும்பி, "ஒண்ணும் இல்லப்பா, சின்ன ஆபரேஷன்" என்பான். அன்பினால் செய்வதுதான். நானும் அப்பாவுக்கு அதையே செய்தேன், அதற்காக இன்றும் வருந்துகிறேன். முதுகில் ஊசி போடுவார்கள், விழித்திருப்பீர்கள், கால் சில மணி நேரம் அசையாது என்பதையெல்லாம் நான் முழுங்கிவிட்டேன். ஆபரேஷன் முடிந்து வந்தவர் காலைத் தூக்கிப் பார்த்தார். தூக்க முடியவில்லை. கால் போய்விட்டது என்றே நினைத்துவிட்டார். முகம் வெளுத்து, என் கையைப் பிடித்துக்கொண்டு ஒரு வார்த்தை பேசாமல் கிடந்தார். மூன்று மணி நேரம் கழித்துக் கட்டைவிரல் அசைந்தபோதுதான் அவருக்கு மூச்சே வந்தது. நான் முதலிலேயே சொல்லியிருந்தால் அந்த மூன்று மணி நேரம் அவருக்கு இருந்திருக்காது.

கையெழுத்து கேட்கும் பாரத்தையும் இப்படித்தான் அவசரத்தில் முடித்துவிடுகிறோம். எந்த உறுப்பில், எந்தப் பக்கம், என்ன செய்யப்போகிறார்கள், என்ன சிக்கல் வரலாம் என்று புரிந்த பிறகே போட வேண்டிய கையெழுத்து அது. தமிழ் பேசும் மிஸ்ஸியோ டாக்டரோ யாராவது இருக்கிறார்களா என்று கேளுங்கள். கேட்பதில் வெட்கம் ஒன்றுமில்லை. கேள்விகளை வீட்டிலேயே ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள், அங்கே போனால் எல்லாம் மறந்துவிடும்.

கதை கேட்பது

தேதி தெரிந்த அன்றே கதைகள் வர ஆரம்பித்துவிடும். கோயிலில் ஒன்று, மாமாக் கடையில் ஒன்று, வாட்ஸ்அப்பில் பத்து. "எங்க மச்சானுக்கு பாதியில முழிப்பு வந்துடுச்சாம்." அப்படி விழிப்பு வருவது உண்மையிலேயே நடக்கக்கூடியதுதான், ஆனால் மிக அரிது. பிரிட்டனிலும் அயர்லாந்திலும் நடத்தி 2014-இல் வெளியிட்ட பெரிய ஆய்வில், முழு மயக்கத்தின்போது விழிப்பு வந்ததாகத் தெரிவித்தவர்கள் ஏறக்குறைய 19,000 பேருக்கு ஒருவர்தான். மயக்க மருந்து டாக்டர் ஊசி போட்டுவிட்டுப் போய்விடுவதில்லை. முடியும் வரை தலைமாட்டிலேயே இருந்து மூச்சு, நாடி, இரத்த அழுத்தம் எல்லாம் பார்த்துக்கொண்டிருப்பார்.

முதுகு ஊசி பற்றியும் கதை உண்டு, நரம்பில் பட்டு ஆயுசுக்கும் நடக்க முடியாது என்று. தண்டுவடம் இடுப்பின் மேல்பகுதியிலேயே முடிந்துவிடுகிறது, ஊசி அதற்குக் கீழேதான் போடப்படுகிறது. போட்ட இடம் சில நாள் வலிக்கலாம். ஊசிக்குப் பிறகு கடுமையான தலைவலி வந்தால் சொல்ல வேண்டும், அதற்கு வைத்தியம் இருக்கிறது.

பெயரைத் திரும்பத் திரும்பக் கேட்பது எனக்கே பயத்தைக் கிளப்பியது. வார்டில் கேட்டார்கள், அறை வாசலில் கேட்டார்கள், உள்ளேயும் கேட்டார்கள். ஐசி என்ற அடையாள அட்டையைப் பார்த்தார்கள், கையில் கட்டிய பட்டையைப் பார்த்தார்கள், என்ன ஆபரேஷன் என்று என் வாயாலேயே சொல்லச் சொன்னார்கள். நான் யார் என்றே இவர்களுக்குத் தெரியாதோ என்று வயிற்றைக் கலக்கியது. அப்புறம்தான் தெரிந்துகொண்டேன்: ஆள் மாறி, பக்கம் மாறி ஆபரேஷன் நடந்துவிடாமல் இருக்க உலக சுகாதார நிறுவனம் 2008-இல் கொண்டுவந்த சரிபார்ப்புப் பட்டியலில் அது ஒரு பகுதி. கேட்காவிட்டால்தான் பயப்பட வேண்டும்.

தாலி, மருதாணி, நல்ல நேரம்

இவற்றை முதல் நாளே பேசிவிட வேண்டும். உடம்பில் உலோகம் இருந்தால், இரத்தக் கசிவை நிறுத்தும் மின்கருவியால் அந்த இடம் சுடக்கூடும், அதனால்தான் நகையைக் கழற்றச் சொல்கிறார்கள். கடைசி நிமிடத்தில் தாலியைக் கழற்றச் சொன்னால் எந்தப் பெண்ணுக்கும் மனம் உடைந்துவிடும். எனக்குத் தெரிந்த ஒரு அக்கா, முந்தின வெள்ளிக்கிழமையே வீட்டில் பூஜை செய்து, தாலியைச் சாமி மேடையில் வைத்துவிட்டு மஞ்சள் கயிற்றோடு போனார். மிஸ்ஸியிடம் முன்பே கேட்டு வைத்திருந்ததால் அன்று ஒரு பிரச்சினையும் இல்லை. விரலில் மருதாணியும் நகப்பூச்சும் வேண்டாம். ஆக்சிஜன் அளவைப் பார்க்கும் கருவி விரல் நுனியில்தான் மாட்டப்படும். கட்டுப்பல், ஆடும் பல் இருந்தால் சொல்லுங்கள்.

நாள் பார்ப்பவர்கள் தேதி குறிக்கும் அன்றே சொல்லிவிடுங்கள். ஆடி மாதம், ராகு காலம் என்று கடைசி நேரத்தில் போகாமல் இருந்தால் அடுத்த தேதிக்கு எத்தனை மாதம் ஆகுமோ தெரியாது. அதுவரை நோய் காத்திருக்காது.

முந்தின இரவும் மறுநாளும்

தூக்கம் வராது. வராவிட்டால் பரவாயில்லை. பக்கத்து வீட்டார் தூக்க மாத்திரையை வாங்கிப் போடாதீர்கள், ஒரு கிளாஸ் மதுவும் வேண்டாம். மெதுவாக மூச்சை இழுத்து, இழுத்ததைவிட நீளமாக விடுங்கள். ஐந்து நிமிடம் செய்தால் நெஞ்சுப் படபடப்பு இறங்குவது தெரியும். நான் மூச்சு விடும்போதெல்லாம் முருகா என்று சொல்லிக்கொண்டேன். காலையில் மயக்க மருந்து டாக்டரிடம், "எனக்கு ரொம்பப் பயமா இருக்கு" என்று அப்படியே சொன்னேன். அவர் என் தோளில் கை வைத்து, ஒவ்வொன்றும் செய்வதற்கு முன் சொல்லிச் சொல்லிச் செய்தார். தேவையானால் பதற்றம் தணிக்க மருந்தும் தருவார்கள். ஆனால் நாம் சொன்னால்தானே அவர்களுக்குத் தெரியும்.

விழித்த பிறகு என்ன ஆகும் என்றும் கேட்டு வையுங்கள். குளிரில் உடம்பு நடுங்கலாம். மயக்கத்தில் மூச்சு விட வாய் வழியாகக் குழாய் வைத்திருந்தால் தொண்டை வலிக்கலாம். துளை வழியாகச் செய்யும் வயிற்று ஆபரேஷனில் வாயுவை நிரப்புவதால் தோள்பட்டை வலிக்கலாம். இது தெரியாமல் மாரடைப்போ என்று பதறியவர்கள் உண்டு. இரண்டு மூன்று நாளில் போய்விடும். முதுகு ஊசிக்குப் பிறகு சிறுநீர் போகாவிட்டால் வெட்கப்பட்டு அடக்கிக்கொண்டு கிடக்காதீர்கள், மிஸ்ஸியைக் கூப்பிடுங்கள்.

வலியைப் பொறுத்துக்கொள்வது நம்மவர்களுக்குப் பெருமை. மலேசிய அரசாங்க ஆஸ்பத்திரிகளில் 2008-லிருந்து காய்ச்சல், நாடி பார்ப்பதுபோல் வலியையும் கேட்டு எழுதுகிறார்கள். பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் ஒரு எண் சொல்லச் சொல்வார்கள். ஏழு என்றால் ஏழு என்றே சொல்லுங்கள். வலியோடு கிடந்தால் ஆழமாக மூச்சு விட முடியாது, எழுந்து நடக்க முடியாது. சளி நுரையீரலில் தங்கலாம், காலில் இரத்தம் உறையலாம்.

அப்பா வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள் சோறு வேண்டாம் என்றார். அம்மா தட்டை வாங்கும்போது அவர் கையில் விரல் பட்டு, சுட்டது. காய்ச்சல் முந்தின இரவே வந்திருக்கிறது, சொல்லவில்லை. சட்டையைத் தூக்கிப் பார்த்தால் தையலைச் சுற்றிச் சிவந்து வீங்கியிருந்தது. அடுத்த அப்பாயின்மென்ட் வரை பார்க்கலாமே என்றார். அம்மா அவரைப் பேசவிடவில்லை; மகனைக் காரை எடுக்கச் சொல்லிவிட்டு, அட்டையைச் சாமி மேடையிலிருந்து எடுத்துக்கொண்டு முன்னால் போய் உட்கார்ந்தார்.