ஆலை மூடிய பேட்டையில் சுத்திகரிப்பு வேலைக்கு ஆள் பழக்குவது எப்படி?

கலிபோர்னியாவில் ரிச்மண்ட் என்று ஓர் ஊர். இரண்டாம் உலகப் போரின்போது அங்கிருந்த கைசர் கப்பல் தளங்கள் 747 கப்பல்களைக் கட்டித் தள்ளின. போர் முடிந்ததும் அந்த வேலைகள் போய்விட்டன, அழுக்கு போகவில்லை. யுனைடெட் ஹெக்கத்தார்ன் என்ற பெயரில் அறியப்படும் இடத்தில் 1947 முதல் 1966 வரை பூச்சிமருந்து கலந்து பொட்டலம் போட்டார்கள், அதிலிருந்த டிடிடி என்ற பூச்சிக்கொல்லி பக்கத்துக் கால்வாயின் சேற்றில் போய்ப் படிந்து, கடைசியில் அந்த இடமே சூப்பர்ஃபண்ட் பட்டியலில், அதாவது மிக மோசமாக அழுக்கேறிய இடங்களுக்கான மத்திய அரசின் பட்டியலில் ஏறியது. அமெரிக்காவில் இப்படி அழுக்கேறியோ, ஏறியிருக்கும் என்ற சந்தேகத்தாலோ கிடப்பில் கிடக்கும் மனைகள் 450,000-க்கும் மேல் என்பது மத்தியச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் மதிப்பீடு. சுத்தம் செய்யும் ஒப்பந்தக்காரர் வெளியூர் ஆட்களோடு வந்து இறங்குவார், அந்தத் தூசியைக் காலமெல்லாம் சுவாசித்த தெருக்காரர் வேலையில்லாமல் வேலிக்கு வெளியே நிற்பார். இதற்காகத்தான் அந்த முகமை 1998 முதல் உள்ளூர் அமைப்புகளுக்கும் நகராட்சிகளுக்கும் பயிற்சி நிதி கொடுக்கிறது, 20,000-க்கும் மேற்பட்டவர்கள் படித்து முடித்திருக்கிறார்கள். அப்படி ஓர் அமைப்பில் நீங்கள் தன்னார்வலராகவோ ஊழியராகவோ இருந்து, "நீயே பார்த்து நடத்து" என்று தலையில் கட்டிவிட்டார்கள் என்றால், இது உங்களுக்குத்தான்.

பாடத்திட்டத்தில் ஆரம்பிக்காதீர்கள். நிறையப் பேர் அங்கேதான் சறுக்குகிறார்கள். முதலில் ஒப்பந்தக்காரர்களுக்குப் போன் போடுங்கள்: அடுத்த ஆறு மாதத்தில் எந்த மனையில் வேலை, எத்தனை பேர் தேவை, உள்ளே விட எந்தச் சான்றிதழ் கேட்கிறார்கள். ஓர் ஊரில் பழைய வீட்டின் கல்நாரையும் (ஆஸ்பெஸ்டாஸ்) ஈயப் பெயிண்ட்டையும் அகற்றுவதுதான் வேலை, இன்னோர் ஊரில் மண்ணைத் தோண்டி லாரியில் ஏற்றுவது, நிலத்தடி டேங்கை வெளியே எடுப்பது. "நல்ல ஆள் இருந்தா அனுப்புங்க" என்பார்கள், அதைக் கணக்கில் சேர்க்காதீர்கள். ஆள் எடுக்கும்போது முதலில் உங்கள் பட்டியலைப் பார்ப்போம் என்று எழுத்தில் வாங்குங்கள். மனையில் மத்திய அரசின் சுத்திகரிப்புப் பணம் இருந்தால் டேவிஸ்-பேக்கன் சட்டப்படி வட்டாரக் கூலி கொடுக்க வேண்டியிருக்கும், அதையும் அப்போதே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். கட்டடத் தொழிலாளர் யூனியனில் பயிற்சித் தொழிலாளியாகச் சேர வழி உண்டா என்பதையும் விசாரியுங்கள். பன்னிரண்டு வேலைதான் கண்ணுக்குத் தெரிகிறதா, பதினைந்து பேரைச் சேருங்கள், போதும். நாற்பது பேரைச் சேர்த்தால் அறிக்கையில் அழகாக இருக்கும், தெருவில் உங்கள் பேர் கெடும்.

அப்புறம் ஆள் தேர்வு. பயிற்சிக்கு அவர்களிடம் ஒரு டாலர்கூட வாங்கக் கூடாது, அது நிதியின் நிபந்தனை. ஆனால் இலவசம் என்பதால் வருகிற எல்லாரையும் எடுத்துவிடவும் முடியாது. சேர்ப்பதற்கு முன்பே சில நாள் காலை ஏழு மணிக்கு வரச் சொல்லிப் பாருங்கள். வராதவரைக் கழிப்பதற்காக மட்டும் இதைச் செய்யாதீர்கள், ஏன் வர முடியவில்லை என்று கேளுங்கள். முதல் பஸ்ஸே ஆறே முக்காலுக்குத்தான், குழந்தையை விட இடமில்லை, லைசென்ஸ் பழைய அபராதத்தில் மாட்டிக் கிடக்கிறது, இப்படி வரும் பதில்கள்தான் உங்கள் உண்மையான பாடத்திட்டம். சான்றிதழ் வாங்கித் தருவது சுலபம், விடியற்காலையில் ஊர் கடந்து போய் இறங்க வைப்பதுதான் கஷ்டம்.

போதைப்பொருள் சோதனையை மறைக்காமல் முதல் நாளே பேசிவிடுங்கள். கலிபோர்னியாவில் கஞ்சா 2016-லேயே சட்டப்படி ஆகிவிட்டது என்று தைரியமாக இருப்பார்கள். கனரக லாரி ஓட்ட மத்திய அரசின் விதிதான், அங்கே அந்தப் பேச்சு எடுபடாது. சிறை சென்று வந்தவர்கள் இருந்தால், 2018 முதல் அந்த மாநிலத்தில் ஐந்து பேரோ அதற்கு மேலோ வைத்திருக்கும் முதலாளி வேலை தருகிறேன் என்று சொல்லும்வரை பழைய வழக்கைக் கேட்கக் கூடாது என்பதைச் சொல்லிக் கொடுங்கள், கேட்டால் எப்படிப் பதில் சொல்வது என்பதையும் சேர்த்து. ரெஸ்பிரேட்டர், அதாவது நச்சுக் காற்றைத் தடுக்கும் மாஸ்க், மாட்ட மருத்துவ ஒப்புதல் வேண்டும், ஆகவே ஆஸ்துமாவும் மூடிய இடத்துப் பயமும் இருக்கிறதா என்று மூன்றாவது வாரத்தில் தெரிந்துகொள்வதில் அர்த்தமில்லை. தாடியும் அப்படித்தான், மாஸ்க்கின் விளிம்பு முகத்தைத் தொடும் இடத்தில் முடி இருக்கக் கூடாது.

சரி, வகுப்பு. அடிப்படை ஹாஸ்வோப்பர், அதாவது ஆபத்தான கழிவுகளைக் கையாள்வோருக்கான பாதுகாப்புப் பயிற்சி, 40 மணி நேரம். இதோடு மேற்பார்வையாளர் கூடவே இருக்க மூன்று நாள் களத்தில் வேலை செய்திருக்க வேண்டும் என்கிறது விதி, இதைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். கம்ப்யூட்டரில் மட்டும் படித்து முடிக்கும் மலிவான கோர்ஸ்கள் நிறைய இருக்கின்றன, மாஸ்க்கைக் கையால் தொடாமல் வாங்கிய காகிதத்தால் ஆள் பாதுகாப்பாக இருக்கப் போவதில்லை. மேலே என்ன சேர்ப்பது என்பது நீங்கள் போட்ட போன்களைப் பொறுத்தது: கட்டுமானப் பாதுகாப்புக்கு ஓஷா (மத்தியத் தொழிலிடப் பாதுகாப்பு முகமை) பயிற்சி 10 மணி நேரம், கல்நார் என்றால் 32 மணி நேரம், 1978-க்கு முன் கட்டிய வீடுகள் என்றால் ஈயப் பெயிண்ட், டேங்க் என்றால் மூடிய இடத்தில் இறங்கும் பயிற்சி. கடைசியில் சொன்னதில் ஒரு விஷயத்தை மனப்பாடமாக ஏற்றுங்கள்: காற்றில் ஆக்சிஜன் 19.5 சதவீதத்துக்குக் கீழே போனால் இறங்கக் கூடாது, உள்ளே ஒருவர் விழுந்து கிடந்தாலும் மூச்சுக் கருவி இல்லாமல் பின்னாலேயே குதிக்கக் கூடாது.

மாஸ்க் பொருத்தச் சோதனையை அவசரமில்லாமல் நடத்துங்கள். தலைக்கு மேல் ஒரு மூடாக்கு போட்டு, உள்ளே கசப்பு மருந்தை ஸ்ப்ரே செய்வார்கள். முதலில் மாஸ்க் இல்லாமல், நாக்கில் கசப்பு படுகிறதா என்று பார்க்க. பிறகு மாஸ்க்கோடு. சாதாரணமாக மூச்சு விடு, ஆழமாக விடு, தலையை இடமும் வலமும் திருப்பு, மேலும் கீழும் ஆட்டு, சத்தமாகப் படி, குனி, ஒவ்வொன்றும் ஒரு நிமிடம். தலையைத் திருப்பும்போது ஒருவர் முகம் சுளித்தால் அந்த அளவு அவருக்குச் சேரவில்லை, வேறு கொடுங்கள். சிலர் ஃபெயில் ஆகிவிடுவோமோ என்று கசப்பை விழுங்கிக்கொண்டு சும்மா இருப்பார்கள், அதனால் இது பரீட்சை இல்லை என்று முன்பே சொல்லிவிடுங்கள்.

உடையைக் கழற்றும் வரிசைக்கு ஒரு முழுக் காலையும் ஒதுக்குங்கள், ஆள் அழுக்காவது பெரும்பாலும் அங்கேதான். டைவெக் சூட்டில் (உடல் முழுக்க மூடும் பாதுகாப்பு உடை) அழுக்குக்குப் பதிலாக ஷேவிங் க்ரீமைத் தடவிவிட்டு, பூட்ஸையும் வெளிக் கையுறையையும் கழுவி, டேப்பைப் பிரித்து, வெளிக் கையுறையைக் கழற்றி, சூட்டை உள்பக்கம் வெளியே வருமாறு சுருட்டி இறக்கி, பிறகு மாஸ்க், கடைசியாக உள் கையுறை என்று செய்யச் சொல்லுங்கள். முதல் தடவை எல்லார் கழுத்திலும் க்ரீம் இருக்கும். சிரிப்பார்கள், அந்தச் சிரிப்பு நல்லது.

பாடம் நடத்த, மனையில் வேலை பார்த்தவர் ஒருவரைப் பிடியுங்கள். ஸ்லைடு வாசிக்கிற ஆள் எங்கும் கிடைப்பார். கணக்கையும் மறந்துவிடாதீர்கள், டேப்பில் அங்குலத்தின் எட்டில் ஒன்று, பதினாறில் ஒன்று என்று வரும்போது தடுமாறுபவர்கள் நிறைய, அதை யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள்.

வேலை கிடைத்ததோடு பேரை அடித்துவிடாதீர்கள். முதல் மூன்று மாதம் வாரம் ஒரு போன், தொழிலாளிக்கும் அவருடைய போர்மேனுக்கும் தனித்தனியாக. இந்த வேலை மனை மனையாக வரும், ஒன்று முடிந்தால் சில வாரம் சும்மா இருக்க வேண்டிவரும், அந்த இடைவெளியில்தான் ஆட்கள் தொலைந்துபோகிறார்கள். ஹாஸ்வோப்பருக்கு வருடாவருடம் 8 மணி நேரப் புதுப்பிப்பு, கல்நாருக்கு ஒரு நாள், தவறினால் மனை வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள். அதனால் ஒவ்வொருவரின் காலாவதித் தேதியையும் ஒரே தாளில் எழுதி ஆபீஸ் சுவரில் ஒட்டுங்கள், இரண்டு மாதம் முன்னாலேயே கூப்பிடுங்கள். புதுப்பிப்பு வகுப்புக்கான பணத்தை நிதி விண்ணப்பத்திலேயே கேட்டு வாங்கிவிடுங்கள், பின்னால் யாரும் தர மாட்டார்கள்.