வாசல் நிலையில் மெசூசா மாட்டுவது எப்படி?

இஸ்ரேலின் ஹைஃபா நகரில் வாடகை வீட்டுக்குக் குடிவந்த அன்றே மெசூசா (யூதர்கள் வாசல் நிலையில் பொருத்தும் வேதவசனச் சுருள்) மாட்டிவிடச் சொன்னார் மாமியார். வெளிநாட்டில் வாடகை வீடென்றால் 30 நாள் அவகாசம் உண்டு. இஸ்ரேலில் அதெல்லாம் இல்லை.

மெசூசா என்ற சொல்லுக்கு நிலைக்கால் என்றுதான் பொருள். கடையில் மினுக்கும் பெட்டி வெறும் உறை. விஷயம் உள்ளே இருக்கும் தோல் சுருளில். வேதாகமத்தின் உபாகமம் நூலில் 6, 11 அதிகாரங்களின் இரண்டு பகுதிகள், 22 வரி, 713 எழுத்து, எல்லாம் கையெழுத்து. ஓரெழுத்து விட்டுப்போனாலும் செல்லாது. அதனால் சாதாரண பிளாஸ்டிக் உறை வாங்கி, காசைச் சுருளில் போடுங்கள். அச்சடித்த தாள் வேண்டவே வேண்டாம்.

அப்புறம் சுருட்டுவது. நான் சொதப்பியது இங்கேதான். எழுத்து உள்ளே இருக்க, இடது ஓரத்தில் தொடங்கி வலப்பக்கமாகச் சுருட்ட வேண்டும். ஹீப்ரு வலமிருந்து ஓடுவதால், பிரிக்கும்போது 'ஷேமா' என்ற முதல் சொல் முதலில் தெரியும். முதுகில் 'ஷத்தாய்' என்ற இறைப்பெயர் இருக்கும். அது நேராக நம்மைப் பார்க்க வேண்டும். சில சுருள்களில் முதுகிலேயே இன்னொரு சொற்றொடரைத் தலைகீழாக எழுதியிருப்பார்கள். அதை நேராக்குகிறேன் என்று முழுச் சுருளையும் கவிழ்த்துச் செருகிவிட்டேன்.

இடம்: உள்ளே நுழையும்போது வலக்கைப் பக்கம், நிலையின் மேல் மூன்றிலொரு பகுதியின் அடியில். சுமார் தோள் உயரம். நேராகவா, சாய்த்தா? பழைய யூத வேத அறிஞர் ராஷி நிற்க வைக்கச் சொன்னார், அவர் பேரன் ரப்பேனு தாம் படுக்க வைக்கச் சொன்னார். அஷ்கெனாசிகள் (ஐரோப்பிய வழி யூதர்கள்) இருவருக்கும் பொதுவாக, தலை உள்பக்கம் பார்க்கச் சாய்த்துவிட்டார்கள்! எங்கள் வீட்டார் மொராக்கோ வழி யூதர்கள், அவர்கள் வழக்கப்படி நேராகத்தான்.

ஆசிமொழியைச் சொல்லிவிட்டுத்தான் ஒட்ட வேண்டும். என் கணவர் வாசலில் ஒருமுறை சொன்னார்; மற்ற அறைகளுக்கும் அதுவே போதும். மேலும் கீழும் பிடிமானம் வேண்டும். மர நிலைக்குத் திருகாணி, இரும்பு நிலைக்கு சிலிகான் பசை. இருபக்க ஒட்டுநாடா ஹைஃபா வெயிலில் ஒரு மாதம்கூடத் தாங்கவில்லை.

பின்சேர்க்கை: அடுக்களைக்கும் கூடத்துக்கும் நடுவே எது வலப்பக்கம் என்று சிலர் கேட்டிருந்தீர்கள். இரண்டு பக்கமும் வழி இருந்து குழம்பினால், கதவு எந்த அறைக்குள் திறக்கிறதோ அதற்குள் நுழைவதாக வைத்துக்கொள்ளுங்கள். பால்கனிக்கு ரப்பியிடம் (யூத மதகுருவிடம்) கேட்பதே நல்லது. கழிவறைக்கு மெசூசா கிடையாது.