ஒரே வாழ்வை மும்முறை வாழும் பாத்திரத்துக்குக் காலக்கணக்கு எழுதும் முறை

நினைவு அழியாமல் மீண்டும் மீண்டும் பிறந்து அதே வாழ்வை வாழும் ஒருவனைப் பற்றிக் குறுநாவல் எழுதத் தொடங்கி, எட்டாம் அத்தியாயத்தில் கணக்குத் தவறி, எழுதிய அனைத்தையும் கிழித்துப்போட்டவன் நான். அதன்பின் கைக்கொண்ட முறை இது.

1. கோடு போட்ட நீளக் கணக்குநோட்டு ஒன்றை வாங்கி, இடது ஓரத்தில் ஆண்டுகளையும் பிறவிக்கு ஒரு பத்தியையும் வையுங்கள். எக்செல் வேண்டாம் என்பேன். அதில் அழித்தது தடமின்றிப் போய்விடுகிறது, இந்த வேலைக்கோ அடித்துத் திருத்தியதும் கண்ணில் பட வேண்டும்.

2. அவன் என்ன செய்தாலும் மாறாதவற்றைச் சிவப்பு மையில் எழுதுங்கள். என் பாத்திரம் 1960இல் நொய்யல் கரையில் பிறந்த குடியானவன். 1979இல் கோவையிலிருந்து பெரியார் மாவட்டம் (இன்றைய ஈரோடு மாவட்டம்) பிரிந்ததையும், 1992இல் வந்த ஒரத்துப்பாளையம் அணையில் பாசனநீருக்குப் பதில் திருப்பூர்ச் சாயக்கழிவு தேங்கியதையும், 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னதையும் முன்பே அறிந்திருந்தாலும், நாலு ஏக்கர்க்காரன் ஒருவனால் அவற்றை அசைக்க முடியாது.

3. நான் இடறியது இங்கேதான். சாயநீர் வருமென்று தெரிந்தவன் இரண்டாம் பிறவியில் 1985லேயே தோட்டத்தை விற்றுவிட்டு, பவானிப் பாசனமுள்ள கோபிப் பக்கம் குடிபோகிறான். முதல் பிறவியில் 1988இல் பிறந்த மகள் அங்கும் அதே முகத்தோடு பிறப்பதாக எழுதிவிட்டேன். மனைவி அவளேதான் என்றாலும், கரு உண்டாகும் நாள் சற்றுத் தள்ளினாலே சேரும் விந்தணு வேறு, பிறக்கும் பிள்ளையும் வேறு. ஆகவே முதல் மாற்றம் நிகழும் ஆண்டின்கீழ் ஒரு கோடு இழுத்து, அதற்குப் பின் அவன் வீட்டில் பிறந்தோர் பெயர்களையெல்லாம் அடித்துவிடுங்கள். அந்த அம்மிணி மீண்டும் வேண்டுமென்றால், தோட்டம் பாழாகும் என்று தெரிந்தே அவன் விற்காமல் இருக்க வேண்டும். அதுவும் போதாது, பழைய நாட்கள் ஒவ்வொன்றையும் அப்படியே நடந்து தீர்க்க வேண்டும். என் மூன்றாம் பிறவி முழுவதும் அந்த முயற்சிதான்.

4. அவன் கவனித்தது மட்டுமே அவன் நினைவில் இருக்கும். மஞ்சள் விலை ஏறிய ஆண்டு தெரியலாம், தேதி தெரியாது.

பின்சேர்க்கை: ஆறு வயதுப் பையன் 1966இல் வாத்தியாரிடம் “ஈரோடு மாவட்டமுங்க” என்று சொல்லும் வரியை நண்பர் ஒருவர் பிழையென்று காட்டினார். என் பிழைதான். ஆனால் நினைவு அழியாதவனுக்கு நாக்குத் தவறாதா என்று எண்ணி, வரியை அப்படியே விட்டு, வாத்தியார் பிரம்பை எடுப்பதாக மட்டும் சேர்த்தேன்.