ஒரு தேதியிலிருந்து தொடங்குங்கள்: புதிய நூற்றாண்டின் இத்தாலிய சினிமாவைப் பார்க்க ஒரு வழி

2000ஆம் ஆண்டுக்குப் பிறகு வந்த இத்தாலியப் படங்களைப் பார்க்க விரும்புகிறவர்கள் பெரும்பாலும் விருதுப் பட்டியலைத்தான் முதலில் கையில் எடுக்கிறார்கள். அப்படிப் பார்க்கும்போது நல்ல நடிப்பும் நல்ல ஒளிப்பதிவும் கண்ணில் படும். ஆனால் அந்தப் படம் தன் நாட்டு மக்களிடம் எதைப் பற்றி இவ்வளவு அழுத்தமாகப் பேசுகிறது என்பது பிடிபடாது. ஒரே ஒரு தேதியைத் தெரிந்துகொண்டு, ஐந்து படங்களை நான் சொல்லும் வரிசையில் பார்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன். வரிசை மாறினால் பயன் பாதியாகக் குறைந்துவிடும்.

முதல் படி: தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள்

அந்தத் தேதி 1978 மே 9. இத்தாலியின் பிரதமராக முன்பு இருந்தவரும் கிறித்தவ ஜனநாயகக் கட்சியின் தலைவருமான அல்தோ மோரோவை, ‘செம்படைகள்’ என்ற தீவிர இடதுசாரி ஆயுதக் குழு அந்த ஆண்டு மார்ச் 16 அன்று ரோம் நகரத் தெருவில் அவருடைய மெய்க்காவலர்கள் ஐந்து பேரையும் கொன்றுவிட்டுக் கடத்திச் சென்றது. அவரை விடுவிப்பதற்காகக் குழுவினருடன் பேசுவதில்லை என்று அரசு உறுதியாக இருந்தது. 55ஆம் நாள், மே 9 அன்று, ரோம் நகரின் நடுவில் நிறுத்தப்பட்டிருந்த சிவப்பு நிற ரெனோ காரின் பின்பெட்டியில் அவருடைய உடல் கிடைத்தது. அப்போதைய பிரதமரின் பெயர் ஜூலியோ ஆந்த்ரெயோத்தி. இந்தப் பெயரையும் குறித்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

இரண்டாம் படி: அதே நாளின் இன்னொரு மரணம்

மார்கோ துல்லியோ ஜோர்தானா இயக்கிய ‘இ சென்தோ பாஸ்ஸி’ (2000) என்ற படத்தை முதலில் பாருங்கள். ‘நூறு காலடிகள்’ என்பது தலைப்பின் பொருள். சிசிலியில் சினிசி என்ற சிற்றூரில், மாஃபியாவோடு ஒட்டி வாழ்ந்த ஒரு குடும்பத்தில் பிறந்து, தன் சிறு வானொலி வழியாக மாஃபியாவை வெளிப்படையாகச் சாடிய பெப்பீனோ இம்பாஸ்தாத்தோ என்ற இளைஞரின் உண்மைக் கதை இது. ஓர் இரவில் அவர் தம்பியை இழுத்துக்கொண்டு தெருவில் நடந்தபடி ஒவ்வொரு காலடியையும் உரக்க எண்ணுவார். நூறு எண்ணி முடிக்கும் இடத்தில் மாஃபியாத் தலைவர் பதலாமெந்தியின் வீடு நிற்கும். கொடுமை எவ்வளவு பக்கத்தில் குடியிருக்கிறது என்பதைச் சொல்ல அந்த இயக்குநருக்கு வேறு வசனம் தேவைப்படவில்லை. பெப்பீனோவின் உடல் ரயில் தண்டவாளத்தில் வெடியால் சிதறிக் கிடந்ததும் அதே 1978 மே 9 அன்றுதான். மோரோவின் செய்தியில் நாடே மூழ்கியிருந்ததால் அவருடைய மரணம் கவனிக்கப்படாமல் போனது. கொலைக்கு ஆணையிட்டதற்காகப் பதலாமெந்திக்குத் தண்டனை கிடைத்தது 2002இல், அதாவது படம் வெளிவந்த பிறகு.

மூன்றாம் படி: பூட்டிய அறைக்குள்

அடுத்து மார்கோ பெல்லோக்கியோவின் ‘புவோன்ஜோர்னோ, நோத்தே’ (2003). மோரோவை அடைத்துவைத்த வீட்டுக்குள், கடத்தியவர்களில் ஒருத்தியான கியாராவின் கண்வழியாகவே கதை நகர்கிறது. புத்தக அலமாரிக்குப் பின்னே கட்டப்பட்ட சிறு அறையின் கதவுத் துளையில் அவள் கண்ணை வைத்துப் பார்க்கும் காட்சிகளில் அவசரப்படாமல் அவள் முகத்தைக் கவனியுங்கள். எதிரியாக நினைத்த மனிதர் அவளுக்குள் மெல்ல மெல்ல ஒரு முதியவராக மாறுவதை அந்த முகம் சொல்லிவிடும். படத்தின் இறுதியில், நடந்த வரலாற்றோடு நடந்திருக்க வேண்டிய ஒன்றையும் இயக்குநர் நமக்குக் காட்டுகிறார். முடிவு தெரிந்த கதையைத் துணிந்து திரும்பச் சொன்ன படங்களில், நான் மிக உயர்வாக மதிக்கும் முடிவு இது.

நான்காம் படி: ஆறு மணி நேரத்துக்கு நேரம் ஒதுக்குங்கள்

கியாராவாக நடித்த மாயா சான்சாவும், பெப்பீனோவாக நடித்த லூயிஜி லோ காஷோவும் இடம்பெறும் ‘லா மெல்யோ ஜொவென்தூ’ (2003) அடுத்தது. இதுவும் ஜோர்தானாவின் படமே. இத்தாலிய அரசுத் தொலைக்காட்சியான ராய்க்காக எடுக்கப்பட்டு, பிரான்சின் கான் திரைப்பட விழாவில் பரிசு பெற்ற இதன் நீளம் ஏறத்தாழ ஆறு மணி நேரம். ஒரே மூச்சில் பார்க்க வேண்டாம். திரையரங்குகளிலேயே இரண்டு பாகங்களாகத்தான் வந்தது. நிக்கோலா, மத்தேயோ என்ற அண்ணன் தம்பியரின் வாழ்க்கை 1966இல் தொடங்குகிறது. அந்த ஆண்டு ஃப்ளாரன்ஸ் நகரம் வெள்ளத்தில் மூழ்கியபோது சேறு படிந்த நூல்களை மீட்க இளைஞர்கள் திரண்டார்கள். அங்கேதான் நிக்கோலா தன் காதலி ஜூலியாவைச் சந்திக்கிறான். அதே ஜூலியா பின்னர் ஓர் இரவில் அவனையும் சிறு மகளையும் விட்டுவிட்டுச் செம்படைகளில் சேரப் போகிறாள். முந்தைய படத்தில் அறைக்குள் பார்த்த குழு, இப்போது ஒரு வீட்டின் வாசல் வழியாக வருகிறது. இந்த வரிசையை நான் வலியுறுத்துவது முக்கியமாக இந்தக் காட்சிக்காகத்தான்.

ஐந்தாம் படி: ஒரே நடிகர், இரண்டு படங்கள்

இனி ஆந்த்ரெயோத்தியிடம் வரலாம். ஏழு முறை பிரதமராக இருந்த அவரைப் பற்றிப் பாவ்லோ சொரெந்தீனோ எடுத்த படம் ‘இல் தீவோ’ (2008). அவராக நடித்த டோனி செர்வில்லோ, கூன் விழுந்த முதுகோடும் அசையாத முகத்தோடும் நடக்கும் நடையை மட்டுமே தனியாகப் பார்க்கலாம். முதல் படியைத் தவறவிட்டவர்களுக்கு, இந்தப் படத்தில் மோரோவின் உருவம் ஏன் திரும்பத் திரும்ப வருகிறது என்பது விளங்காது. ஒரு செய்தியையும் இங்கே சொல்ல வேண்டும்: இயக்குநர் வித்தோரியோ தெ சீக்காவின் ‘உம்பெர்த்தோ டி.’ படம் வறுமையைக் காட்டியதற்காக 1952இல் அந்த இயக்குநரைக் கண்டித்து வெளிப்படையாகக் கடிதம் எழுதிய ஆட்சியாளரும் இதே ஆந்த்ரெயோத்திதான். அவர் உயிரோடிருக்கும்போதே இத்தாலிய சினிமா அவரைத் திரையில் நிறுத்தியது.

மறுநாளே, நேப்பிள்ஸ் வட்டாரக் குற்றக் கும்பல்களைப் பற்றி மத்தேயோ கர்ரோனே எடுத்த ‘கொமோரா’வைப் (2008) பாருங்கள். இரண்டு படங்களும் அந்த ஆண்டுக் கான் விழாவில் பரிசு பெற்றன. இதிலும் செர்வில்லோ இருக்கிறார், ஆலைகளின் நச்சுக் கழிவைத் தென்னிலத்தில் புதைத்துக் காசு பார்க்கும் கண்ணியமான தோற்றமுடைய மனிதராக. ஆட்சியின் உச்சியைக் காட்டிய படத்துக்கு அடுத்த நாள், நேப்பிள்ஸின் ஸ்காம்பியா குடியிருப்பில் சிறுவர்கள் குண்டு துளைக்காத உடை அணிந்து நெஞ்சில் சுடப்பட்டுத் ‘தேர்வு’ பெறும் காட்சியைப் பார்ப்பது கடினம்; ஆனாலும் பாருங்கள். மொழிமாற்றம் செய்த பதிப்பைத் தவிர்த்து மூல ஒலியுடன் உள்ளதையே தேர்ந்தெடுங்கள். அந்த வட்டாரப் பேச்சு மற்ற இத்தாலியர்களுக்கே புரியாது என்பதால், இத்தாலியத் திரையரங்குகளிலும் இந்தப் படம் இத்தாலிய மொழி வசன வரிகளோடுதான் ஓடியது.