கழற்றும் பேட்டரி உள்ள போன்தான் வேண்டுமா? வாங்குமுன் பார்க்க வேண்டியவை

சிங்கப்பூர்க் கடையில் நின்று "இந்தப் போனில் பேட்டரியைக் கழற்ற முடியுமா?" என்று கேட்பது பாதிக் கேள்விதான். மூன்றாம் ஆண்டில் இதற்குப் புது பேட்டரி கிடைக்குமா, யார் மாற்றித் தருவார், எத்தனை வெள்ளி ஆகும் என்பது மீதிப் பாதி. இந்த மூன்றுக்கும் நல்ல பதில் கிடைத்தால், பேட்டரியை உள்ளே ஒட்டி மூடிய போனையும் பயமில்லாமல் வாங்கலாம்.

லித்தியம் பேட்டரி தேய்ந்தே தீரும். ஐபோன் 14 வரையான போன்களின் பேட்டரி, சரியான சூழலில் 500 முழுச் சுற்றுகளுக்குப் பிறகு 80 விழுக்காட்டுக் கொள்ளளவுடன் இருக்கும்படி செய்யப்பட்டது என்கிறது ஆப்பிள். ஐபோன் 15 முதல் அது 1000 சுற்று. 50 விழுக்காடு வீதம் இரண்டு முறை ஏற்றி இறக்கினால் ஒரு சுற்று. நாளுக்கு ஒரு சுற்று ஓடும் போனுக்கு 500 சுற்று ஒன்றரை ஆண்டுக்குள் முடியும். 1000 சுற்று மூன்றாண்டை எட்டாது. ஆனால் கேலக்ஸி எஸ்24, பிக்சல் 8 போன்றவற்றுக்கு ஏழாண்டு மென்பொருள் புதுப்பிப்பு உண்டு. ஆக, போனை முழுமையாகப் பயன்படுத்த நினைப்பவர் ஒரு முறையாவது பேட்டரி மாற்றத்தான் வேண்டும். அந்தச் செலவைப் போனின் விலையோடு முதலிலேயே சேர்த்துக்கொள்ளுங்கள்.

கழற்றும் பேட்டரியின் உண்மையான பலம் எதுவென்று இரண்டு பழைய நிகழ்வுகள் காட்டும். 2007-இல் நோக்கியாவின் பிஎல்-5சி பேட்டரிகளில் 4 கோடியே 60 இலட்சம் அளவுக்கு அதிகச் சூடேறும் அபாயம் இருப்பதாக அறிவிக்கப்பட்டது. மக்கள் பேட்டரியை மட்டும் மாற்றிக்கொண்டு அதே போனில் பேசினார்கள். 2016-இல் கேலக்ஸி நோட் 7 பேட்டரிகள் தீப்பிடித்தபோது அந்த வழி இல்லை. பேட்டரி உள்ளே ஒட்டியிருந்ததால் முழுப் போனையே திரும்பப் பெற வேண்டியதாயிற்று.

இப்போது விற்பனையில் கழற்றும் பேட்டரி அரிது. சாம்சுங்கின் எஸ் வரிசையில் 2014-இன் எஸ்5-தான் கடைசி. அடுத்த ஆண்டு எஸ்6 மூடிக்கொண்டது. இன்று அதே நிறுவனத்தின் எக்ஸ்கவர் வரிசை கைகொடுக்கிறது. 2022-இன் எக்ஸ்கவர்6 ப்ரோ, 2024-இன் எக்ஸ்கவர்7 இரண்டிலும் 4050 மில்லிஆம்பியர்-மணி பேட்டரியை நகத்தால் மூடியைத் திறந்து எடுக்கலாம். தண்ணீர் புகாத ஐபி68 தரமும் உண்டு. வேலைத்தளத்துக்காகச் செய்த போன்கள் இவை. படம் எடுக்கவும் விளையாடவும் வாங்கினால் ஏமாற்றமே.

கப்பல் பட்டறையிலும் கட்டுமானத்தளத்திலும் பன்னிரண்டு மணி நேரம் பிளக் இல்லாமல் நிற்பவருக்கு, வெயிலில் வரைபடத்தைத் திறந்தபடியே வண்டி ஓட்டும் உணவு விநியோக ஊழியருக்கு, தங்கும் விடுதியில் ஒரே பிளக்கைப் பலர் பங்குபோடும் இடத்தில் இருப்பவருக்கு இது மெய்யாகவே உதவும். உதிரி பேட்டரி ஒரு நிமிடத்தில் 100 விழுக்காட்டைத் தரும். பவர் பேங்க் அப்படியல்ல. 10,000 மில்லிஆம்பியர்-மணி என்று அச்சிட்டிருந்தாலும், 3.7 வோல்ட்டிலிருந்து 5 வோல்ட்டுக்கு ஏற்றும்போது இழப்பதால் போனுக்குள் போய்ச் சேருவது ஏறத்தாழ 6000 முதல் 6500 வரைதான். ஏறும்போது போனும் சூடாகும், அதுவும் நம் ஊர் வெயிலில். அலுவலகத்திலோ எம்ஆர்டி ரயில் பயணத்திலோ நாளைக் கழிப்பவருக்கு இந்த வேறுபாடு பெரிதில்லை. அவர் இதற்காக நல்ல கேமராவை விட்டுக்கொடுக்க வேண்டாம்.

ஒரு கண்ணியைச் சொல்லியாக வேண்டும். பழைய நோட் 4, எஸ்5, எல்ஜி வி20 போன்றவை மலிவாகக் கிடைக்கும், பேட்டரியும் கழலும். ஆனால் சிங்கப்பூரில் 2ஜி 2017-இலும் 3ஜி 2024-இலும் நிறுத்தப்பட்டுவிட்டன. 4ஜியிலேயே குரல் அழைப்பைக் கொண்டுசெல்லும் வோஎல்டிஇ வசதி உங்கள் தொலைத்தொடர்பு நிறுவனத்தோடு அந்தப் போனில் வேலை செய்யாவிட்டால், வாட்ஸ்அப் ஓடும், சாதாரண அழைப்பு போகாது; ஆம்புலன்ஸுக்கு 995-ஐ அழைக்க வேண்டிய நேரத்தில் கையில் பயனில்லாத போன் இருக்கும். உங்கள் சிம்மைப் போட்டு, வைஃபையை அணைத்து, ஓர் எண்ணுக்குப் பேசிப் பார்த்த பிறகே காசு கொடுங்கள்.

உதிரி பேட்டரி வாங்கும்போது தயாரிப்பு நாளைப் பாருங்கள். ஐந்தாறு ஆண்டு பெட்டியிலேயே கிடந்தது புதிதல்ல, பயன்படுத்தாமலே கொள்ளளவு குறைந்திருக்கும். அசல் பேட்டரி 2800 என்றால், அதே அளவில் 6000 என்று எழுதிய பேட்டரி பொய் சொல்கிறது. அத்தனை மின்சாரம் அந்த இடத்துக்குள் அடங்காது. பயன்படுத்தாத பேட்டரியைப் பாதி சார்ஜில் குளிர்ந்த இடத்தில் வையுங்கள். சாவியோடும் சில்லறையோடும் பையில் போடக்கூடாது, முனைகள் தொட்டுக்கொண்டால் ஷார்ட் ஆகும். வியர்வையும் ஈரப்பதமும் உலோக முனைகளில் கறை பிடிக்க வைக்கும். போன் தானாக அணைந்து எழுந்தால், முதலில் பேட்டரியைக் கழற்றி ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் முனைகளைத் துடையுங்கள். பின்மூடியைச் சுற்றிலும் விரலால் அழுத்தி மூடாவிட்டால் தண்ணீர்க் காப்பு இல்லை என்றே கொள்ளுங்கள்.

ஒட்டி மூடிய போனுக்கு வருவோம். பேட்டரி நிலையை முதலில் பாருங்கள். ஐபோனில் அமைப்புகளில் பேட்டரிப் பகுதியில் இருக்கும். சாம்சுங்கில் சாம்சுங் மெம்பர்ஸ் செயலியின் சோதனைப் பகுதியில். 80 விழுக்காட்டுக்குக் கீழே போயிருந்தால், அல்லது 20 விழுக்காட்டில் திடீரென அணைந்தால், மாற்றும் நேரம் வந்துவிட்டது. நிறுவனத்தின் சேவை மையத்தில் விலை கேட்ட பிறகு சிம் லிம் ஸ்குவேரிலோ தேக்காவிலோ உள்ள பழுதுபார்க்கும் கடைகளில் விசாரியுங்கள். கடைக்காரரிடம் மூன்று கேள்விகள் போதும்: எந்த நிறுவனத்தின் பேட்டரி, எத்தனை மாத உத்தரவாதம், மூடும்போது புதுப் பசைப் பட்டை போடுவீர்களா? மூன்றாவதற்குத் தயங்கினால், அந்தப் போனைத் தண்ணீர்ப் பக்கம் கொண்டுபோகாதீர்கள். ஐபோன் எக்ஸ்எஸ் முதல், அசல் அல்லாத பேட்டரி போட்டால் அமைப்புகளில் அறிவிப்பு வரும். கடை சொன்னதைச் சரிபார்க்க அதுவே உதவும்.

கொடுக்கும் முன் தரவைப் பிரதி எடுத்துவிட்டு, சார்ஜை 25 விழுக்காட்டுக்குக் கீழே இறக்குங்கள். மின்சாரம் குறைவாக உள்ள பேட்டரி கிழிந்தால் நெருப்பின் வீரியமும் குறையும். வீட்டிலேயே திறக்க நினைப்பவர்களின் கை வழுக்கும் இடம் பேட்டரியின் அடியில் உள்ள பசை. உலோக முனையால் நெம்பினால் பேட்டரி துளையாகித் தீப்பிடிக்கும். அனுபவமில்லாதவர் இதில் இறங்க வேண்டாம்.

ஐரோப்பிய ஒன்றியத்தின் பேட்டரிச் சட்டம் 2027 பிப்ரவரி 18 முதல், பயனீட்டாளரே பேட்டரியைக் கழற்றும் வசதியைக் கேட்கிறது. அதற்காகக் காத்திருக்க வேண்டாம். 1000 சுற்றுக்குப் பிறகும் 80 விழுக்காடு தாங்கி, தண்ணீரும் புகாத போன்களுக்கு அங்கே விலக்கு உண்டு. விலை கூடிய போன்கள் பலவும் அந்த வழியில் மூடியபடியே இருக்க முடியும்.

போனை மேசையில் வைத்தால் ஆடுகிறதா, திரையின் ஓரம் தூக்கி ஒளி கசிகிறதா? பேட்டரி உப்பிவிட்டது. உள்ளே உள்ள வேதிக் கரைசல் சிதைந்து வாயுவானதால் வருவது இது. அழுத்தாதீர்கள், குத்தி வாயுவை வெளியேற்றாதீர்கள், சார்ஜ் போடாதீர்கள். அணைத்து, தீப்பிடிக்காத இடத்தில் வைத்துவிட்டுச் சேவை மையத்துக்குக் கொண்டுபோங்கள். சாதாரணப் பழைய பேட்டரியின் முனைகளில் டேப் ஒட்டி மின்கழிவுத் தொட்டியில் போடலாம். வீவக அடுக்குமாடி வீட்டின் குப்பைக் குழாயில் மட்டும் எதையும் போடாதீர்கள், குப்பை வண்டியில் நசுங்கித் தீப்பிடிக்கும்.

திருச்சிக்கோ சென்னைக்கோ பறக்கும்போது உதிரி பேட்டரியும் பவர் பேங்க்கும் கைப்பையில்தான் வர வேண்டும். 100 வாட்-மணி வரை தனி அனுமதி வேண்டியதில்லை. 4050 பேட்டரி ஒன்று 16 வாட்-மணிக்குள் அடங்கும். சிங்கப்பூர் ஏர்லைன்ஸும் ஸ்கூட்டும் 2025 ஏப்ரல் 1 முதல், விமானத்துக்குள் பவர் பேங்க்கால் போனைச் சார்ஜ் செய்வதைத் தடைசெய்துள்ளன. உதிரி பேட்டரியின் முனையை உறையிட்டு வைத்திருந்தால், போனை அணைத்து பேட்டரியை மாற்றிக்கொள்ளலாம்.